ஆஷாடத்தில் முடிந்த லீசு

லக்கெரெயில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் ருத்ரப்பா. பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத் ஓட்டிய பி.எஃப். பணத்தில் இருபதுக்கு முப்பது மனையில் ஒரு வீடு கட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கீழ்வீட்டை எட்டு லட்சத்துக்கு லீசுக்கு விட்டார். மாத வாடகை கிடையாது, மூன்று வருடம் கழித்து முழுத்தொகையையும் திருப்பித் தரவேண்டும். அந்தப் பணத்தில் முதல் மாடி கட்டி, மனைவி தேவீரம்மாவோடு மேலே ஏறினார். அதையும் லீசுக்கு விட்டு இரண்டாவது மாடி. மூன்றாவதுக்கு வங்கிக் கடன்.

மூன்றாவது மாடியில் தேவீரம்மா களி கிண்டும்போது மேகம் ஜன்னல் வழியே நுழைந்து உப்பை நனைத்துவிடும். திங்கட்கிழமை படியேறிய பால்காரர் புதன்கிழமை தயிரோடு போய்ச் சேர்ந்தார். நான் கண்ணால் பார்த்தது.

இரண்டாவது மாடியை மட்டும் மாத வாடகைக்கு விட்டார்; அது அப்படியே வங்கித் தவணைக்குப் போய்விடும். நான்கு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சாப்பிட்டது தேவீரம்மா ஊதுபத்தி உருட்டிய காசில். ஒருவர் காலி செய்தால் புதிதாக வருகிறவர் பணத்தை அவருக்குக் கொடுப்பது ருத்ரப்பாவின் கணக்கு. கீழ்வீட்டுப் பள்ளி ஆசிரியர் கொட்ரேஷின் லீசு முடியும்வரை அது சரியாகத்தான் ஓடியது.

"ஓனரே, பொண்ணுக்கு மெடிக்கல் சீட்டு கிடைச்சிருக்கு. மாசக் கடைசிக்குள்ள கட்டணும். என் எட்டு லட்சம்?"

"புதுசா வர்றவங்க குடுத்த உடனே உங்க கையில சாமி. ஆஷாட மாசம் மட்டும் முடியட்டும்."

"இந்த வருஷம் அதிக மாசத்தோட ரெண்டு ஆஷாடம்! லீசு எழுதினப்ப பஞ்சாங்கம் பாக்கலையா?"

"பாங்க்ல குடுத்த காலண்டரப் பாத்தேன்..."

மேலிருந்து தேவீரம்மாவின் குரல் வந்தது: "மூணு மாடி கட்டத் தெரிஞ்ச மகராசனுக்கு ஒரு பஞ்சாங்கம் வாங்கத் தெரியல!"

ஆஷாடத்தில் எங்கள் பக்கம் பூனைகூடக் குட்டியை வேறு வீட்டுக்குத் தூக்கிப் போகாது. வீடு பார்க்க வந்தவர்கள் குழாயைத் திறந்து தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். அடுப்பு எந்த மூலையில் இருக்கவேண்டும் என்று புத்தி சொன்னார்கள். "ஸ்ராவணத்துல பாக்கலாம் சாமி" என்று போய்விட்டார்கள்.

கொட்ரேஷின் மகளுக்குக் கிடைத்த சீட்டு போனது. அவர் கோர்ட்டுக்குப் போனார். அது காதில் விழுந்ததும் முதல் மாடிக்காரரும் தன் பணத்தைக் கேட்டார். ஸ்ராவணமும் வந்தது. வழக்கில் கிடக்கும் வீட்டுக்கு எவன் குடிவருவான்? இரண்டாவது மாடி வாடகை வக்கீலுக்குப் போனதில் தவணை நான்கு மாதம் நின்றது. கடைசியில் வீட்டை விற்று வங்கிக்கும் இரண்டு லீசுக்காரர்களுக்கும் கொடுத்தபோது ருத்ரப்பாவின் கையில் நின்றது முப்பத்தோராயிரம்.

அடுத்த தெருவில் நாலாயிரம் வாடகைக்கு ஓர் அறை இருந்தது. பத்து மாத அட்வான்ஸ் நாற்பதாயிரம் என்றார் வீட்டுக்காரர்.

"ஒம்போதாயிரம் குறையுது. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சாமி."

"நீங்களும் ஓனரா இருந்தவருதானே? நீங்க விட்டுக் குடுத்திருப்பீங்களா?"

ருத்ரப்பாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில் கதவு போட்ட ஓர் இடம் இருந்தது. முப்பதாயிரம் அட்வான்ஸுக்கு அது கிடைத்தது.

போன வாரம் பார்க்கப் போனேன். மூன்று பேருக்கு இடமில்லை. என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டு ருத்ரப்பா தெருவில் நின்றபடி என் முட்டிவலியை விசாரித்தார். தேவீரம்மா ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார்.