கேள்வி நேரத்தில் ஒரு கிணறு

கிணற்றைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கமலவேணி முதலில் தேடியது துடைப்பத்தைத்தான். அதுதான் அவள் செய்த தப்பு. ஆனால் அந்தச் சந்தில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் தேடியிருப்பார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கை, அதிகாரி என்ற சொல்லைக் கேட்டால் வேறெதையும் தேடாது.

மலாக்காவில், காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய பலகை வீட்டுச் சந்து அது. தோட்டத்தை விட்டு டவுனுக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கிணறு. சந்துக்குப் பின்னால் ஒரு கித்தா ஆலை, ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற இடம். ஆலைக் கழிவு வெள்ளையாக, புளித்த நாற்றத்தோடு லோங்காங்கில் இறங்கும். சாக்கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கித்தாச் சக்கை போய் அதை அடைத்துக்கொண்டால், மழை பெய்கிற அன்று கக்கூஸ் தண்ணீரும் ஆலைத் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு கிணற்றுக்கு விருந்து வந்துவிடும்.

போன தைப்பூசத்துக்கு முன்னால் கமலவேணியின் மூத்த பெண் மல்லிகா குடல் காய்ச்சலில் செத்துப்போனாள். தண்ணீர்தான் காரணம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மிச்சம் இருப்பது சின்னவள் ஜெயா ஒருத்திதான். அவளுக்குக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாள். ஆனால் விளையாடுகிற பிள்ளை தாகம் எடுத்தால் எந்த வீட்டுச் செம்பையும் தூக்கும். சந்துக்குள் குழாய் வர வேண்டும், ஜெயாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் வர வேண்டும். கமலவேணிக்கு இந்த உலகத்தில் வேறு வேண்டுதல் கிடையாது.

மல்லிகாவின் காரியம் முடிந்த கையோடு கருணாகரனைப் போய்ப் பார்த்தாள். அவர் நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சிக்காரர். சுதந்திரம் வந்து சில வருஷமே ஆன நாட்டில் எதிர்க்கட்சிக்காரர் கையில் இருந்தது கேள்வி ஒன்றுதான். அதை அவர் நாடாளுமன்றத்தில் ஒழுங்காகவே எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு சந்துக்கே வந்து சொன்னார்.

"பதில் சொல்லணும்னா சுகாதார மந்திரி ஆளை அனுப்பி கெணத்தைப் பாத்தாகணும்மா. வர்ற செவ்வாக்கெழம வருவாங்க. நல்லபடியா பேசி அனுப்புங்க."

நல்லபடியா என்று அவர் சொன்னதற்கு என்ன பொருளோ, சந்துக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். தோட்டத்தில் துரையோ பெரிய டாக்டரோ வருகிறார் என்றால் முதல் நாளே லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். யார் வீட்டு வாசல் குப்பையாக இருக்கிறதோ அவர்கள் கணக்கெழுதுகிற கிராணியின் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். "தமிழாளுங்கன்னாலே அசிங்கம்" என்று அவர் காறித் துப்பியதைக் கமலவேணி சின்ன வயசில் கேட்டிருக்கிறாள். கோலாலம்பூரிலிருந்து உத்தரவு வாங்கிக்கொண்டு வருகிற மனுஷன் முன்னால் அந்தப் பேச்சை மறுபடி வாங்க அவள் தயாராக இல்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகியதும் சந்தே இறங்கிவிட்டது. ஆண்கள் கழி வைத்து லோங்காங்கைக் குத்தி அடைப்பை எடுத்தார்கள். கமலவேணியின் புருஷன் அப்பாசாமி, லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன், கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றை வாரிக் கொடுத்தான். சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்த சிஹாபுதீன் படிகாரமும் பிளீச்சிங் பவுடரும் காசு வாங்காமல் தந்தார். அவர் மனைவி ரோஷன் பீவி வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி கலக்கினாள். கிணற்று மேடையைத் தேங்காய் நாரால் கமலவேணியே தேய்த்தாள். இப்படி ஒற்றுமையாக அந்தச் சந்து அதற்கு முன்னால் எதற்கும் கூடியதில்லை.

அதிகாரி இளவயசு மலாய்க்காரர், மரியாதையான பிள்ளை. கிணற்றை எட்டிப் பார்த்தார். ஊறியிருந்த புதுத் தண்ணீர் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. தன் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மலாயில் கேட்டார்.

"கிணறு எப்பவும் இப்படித்தான் இருக்குமா, காக்கா?"

காக்கா, அதாவது அக்கா என்று கூப்பிட்டுவிட்டார். அதிகாரி ஒருவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கமலவேணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆமா துவான். நாங்க எப்பவும் சுத்தமா வச்சிருப்போம்."

மழைநாள் கதையைச் சொல்லத்தான் நினைத்திருந்தாள். வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. லோங்காங் நிரம்பும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது என்று பின்னால் இழுத்தாற்போல் சேர்த்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஓடுகிற லோங்காங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரோஷன் பீவி கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

கேள்வி வருகிற நாளில் கருணாகரன் இரண்டு மூன்று பேருக்குப் பார்வையாளர் அனுமதி வாங்கி வைத்திருந்தார். அப்பாசாமிக்கு வேலையை விட்டு வர முடியவில்லை. சிஹாபுதீன் தம்பதியோடு கமலவேணி கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினாள். சிரம்பான் வரைக்கும் அவளுக்கு ஒரே நினைப்புதான்: குழாயைச் சந்தில் எந்த இடத்தில் வைப்பார்கள்? நடுவில் வைத்தால் நல்லது, சண்டை வராது.

நாடாளுமன்றத்தில் மேலே உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, இருமலையும் அடக்கிக்கொண்டால் நல்லது என்று வாசல்காரன் சொன்னான். கீழே ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள். ஒருவர் காசநோய்க் கட்டில் எப்போது கூடும் என்றார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒருவர் ஈயச் சுரங்கச் சேறு ஆற்றில் கலப்பதைக் கேட்டார், கவனத்தில் இருக்கிறது. ஒருவர் தோட்டத்துப் பிரசவ விடுதியைக் கேட்டார். அடுத்த திட்டத்தில் இருக்கிறது. எல்லாம் எங்கோ இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

பிறகு கருணாகரன் எழுந்தார். மலாக்கா, காஜா பெராங் என்று அவர் சொன்னதும் கமலவேணியின் கை ரோஷன் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டது. அமைச்சர் காகிதத்தைப் பார்த்து மலாயில் படித்தார். பாசார் மலாய், கடைத்தெரு மலாய் மட்டுமே தெரிந்தவளுக்கு அது சட்டை மாட்டிக்கொண்ட மலாய்தான், ஆனாலும் புரிந்தது.

"எமது அதிகாரி நேரில் சென்று பார்த்தார். கிணறு சுத்தமாக இருந்தது. நீரைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை. கிணற்றை எப்போதும் சுத்தமாக வைத்திருப்பதாக அங்கு வசிக்கும் ஒரு பெண்மணியே கூறியிருக்கிறார்."

கருணாகரன் விடவில்லை. துணைக் கேள்வி கேட்டார். மழைக்குப் பிறகு நீர் எடுக்கப்பட்டதா? ஆலைக் கழிவைத் திறந்த சாக்கடையில் விட அனுமதி உண்டா? அங்கே ஒரு குழந்தை இறந்தது அமைச்சருக்குத் தெரியுமா?

"குழந்தைக்காக வருந்துகிறேன். அந்தக் கிணற்றுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகச் சோதனை காட்டவில்லை. குழாய் நீர், அதைவிட மோசமான பகுதிகளுக்குத்தான் முதலில் போக வேண்டும்." கொஞ்சம் நிறுத்தினார். மனசாரவே சொன்னார் என்பதுதான் கொடுமை. "காஜா பெராங் மக்களின் கோத்தோங் ரோயோங் உணர்வை, கூடி உழைக்கும் உணர்வை, இந்த அவையில் பாராட்ட விரும்புகிறேன். புதிய நாட்டுக்கு அவர்கள் உதாரணம்."

மேஜைகளைத் தட்டினார்கள். இரு பக்கத்திலும் தட்டினார்கள்.

"நம்மளத்தான் சொல்றாரு, கமலா! நம்மளத்தான்!" ரோஷன் பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. கமலவேணி நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள். எழுந்து, நான் சொன்னது பொய் என்று கத்தலாமா? கத்தினால் இழுத்துக்கொண்டு போய் வெளியே விடுவார்கள். அதற்குள் கீழே யாரோ கொசுவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

வெளியே வந்த கருணாகரன் தூணில் சாய்ந்து நின்று சிகரெட் பற்ற வைத்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தது.

"கழுவி வச்சீங்களாம்மா?"

"கழுவினோம் ஐயா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

"மறுபடி கேளுங்க ஐயா. நானே வந்து உண்மையச் சொல்றேன்."

"ஒருவாட்டி பதில் சொன்ன கேள்விய இந்தக் கூட்டத்தொடர்ல திருப்பிக் கேக்க முடியாதும்மா. சட்டம் அப்படி. இனி அடுத்த வருசந்தான். அப்பவும் இதே பதிலத்தான் எடுத்து என்கிட்டயே காட்டுவாங்க."

தமிழ்ப் பேப்பரில் செய்தி வந்தது. சிஹாபுதீன் அதை வெட்டிக் கடைக் கண்ணாடி அலமாரியில் ஒட்டினார். புதிய நாட்டுக்கு உதாரணம்! செமாபோக்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கிணற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாறுகிற கிணற்றைச் சந்து தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கமலவேணி மட்டும் அந்த அலமாரிப் பக்கம் போகாமல் அரிசி வாங்கப் பழகிக்கொண்டாள்.

அப்புறம் மழை பிடித்தது. லோங்காங் அடைத்தது, கிணறு வெளுத்தது. பேப்பரில் வந்த கிணறாயிற்றே என்று அது காத்திருக்குமா? ஜெயாவுக்குக் காய்ச்சல் கண்டது. மல்லிகாவுக்கு வந்த அதே காய்ச்சல், அதே பெரியாஸ்பத்திரி, கட்டில் மட்டும் வேறு. கமலவேணி உடைந்தே போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் ஒரு வாளி தண்ணீரை அந்தக் கிணற்றிலிருந்து இறைத்து, மூடி போட்டு வீட்டு மூலையில் வைத்துவிட்டுப் போனாள்.

"அம்மா, இங்க கொழா இருக்கு. தொறந்தா தண்ணி வருது" என்றாள் ஜெயா, உதடு வெடித்துப்போய்க் கிடந்தவள். பிள்ளைக்குக் குழாய் கிடைத்துவிட்டது, இப்படி.

குடல் காய்ச்சல் என்று பதிவானால் சுகாதார இலாகா வந்து பார்க்க வேண்டும். அது விதி. நாளைக்கு வருவார்கள் என்று தெரிந்ததும் கமலவேணி ஓடி வந்து வீடு வீடாகச் சொன்னாள்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், இந்தவாட்டி யாரும் கெணத்தைத் தொடாதீங்க. அப்படியே கெடக்கட்டும்."

எல்லோரும் சரி என்றார்கள். அவள் ஜெயாவிடம் திரும்பிப் போனாள். மறுநாள் காலையில் அப்பாசாமியைப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்து பார்த்தால், கிணற்று மேடை பளபளவென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை சந்து முனைக்கே வந்தது. லோங்காங் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிகாரிப் பிள்ளை பாட்டிலைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா செஞ்சீங்க?" என்றாள் கமலவேணி, ரோஷன் பீவியைப் பார்த்து.

"பின்ன என்னடி? பார்லிமெண்டுல நம்ம பேரச் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு நாறப்போட்டு வச்சா, பொய் சொன்ன கூட்டம்னு எழுதிட மாட்டாங்களா?" ரோஷன் பீவி கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையில், ராத்திரி முழுக்க இறைத்ததில், தோல் உரிந்திருந்தது. "நீதான் பிள்ளையோட ஆஸ்பத்திரியில கெடக்குறியே. ஒம் பங்கையும் நானே செஞ்சுட்டேன்."

அவளை என்ன சொல்லித் திட்டுவது? கமலவேணி வீட்டுக்குள் ஓடினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அதிகாரி முன்னால் வைத்து மூடியை எடுத்தாள். புளித்த நாற்றம் எழுந்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"இதுதான் துவான் இந்தக் கிணத்துத் தண்ணி. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

அதிகாரி வாளியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிஹாபுதீன் கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"காக்கா, பிள்ளை சீக்கிரம் குணமாகட்டும்" என்றார் அவர், மெதுவாக. "ஆனால் என் கையால் எடுக்காத தண்ணீரை நான் எழுத முடியாது."

பொல்லாதவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசியாவது ஆறியிருப்பாள். அவர் தன் பாட்டிலைக் கிணற்றில் இறக்கி, தெளிந்த தண்ணீரை எடுத்து, அடைத்து, பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். ஜெயா பிழைத்து வந்தாலும் குடிக்கப்போவது இதே கிணற்றைத்தான் என்று கமலவேணிக்குத் தெரிந்துவிட்டது. இனி எத்தனை பேர் எழுந்து கேட்டாலும் பதில் தயாராக இருக்கும், அவள் கையால் தேய்த்த பதில்.

வாளியைத் தூக்கினாள். ஊற்ற வேறு இடம் இல்லை. லோங்காங் ஓரத்தில் போய் நின்று கவிழ்த்தாள். வெள்ளைத் தண்ணீர் கிணற்று மேடையிலும் கொஞ்சம் தெறித்தது.

"அடி கமலா, பாத்து ஊத்துடி" என்றாள் ரோஷன் பீவி, பின்னாலிருந்து. "இப்பத்தானே கழுவி விட்டோம்."