வரிசை அழியாத யார்டு

அது ஆடியா ஆவணியா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. யுவஸ்ரீ பேசியது மட்டும் நினைவிருக்கிறது.

சங்ககிரியில் எங்கள் லாரி புக்கிங் நிறுவனத்தின் கணினிப் பதிவுகள் இருக்கும் ஸ்டோரேஜுக்கு மல்லசமுத்திரத்தில் ஒரு நகல் வைக்க இருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுத்தால் போதும் என்றேன் நான். ஒவ்வொரு பதிவும் இரண்டு ஊரிலும் எழுதப்பட்ட பிறகே டிரைவருக்கு லோடு வரிசைக்கான டோக்கன் வர வேண்டும் என்றாள் உடன் வேலை செய்த யுவஸ்ரீ.

"டோக்கன் மெதுவா வந்தா டிரைவருங்க என்னையத்தான் வைவாங்க, சாமி," என்றார் முதலாளி கதிர்வேல்.

"மல்லசமுத்திரம் பக்கந்தானுங்க, கண்ணு சிமிட்டறதுக்குள்ள எழுதிரும். அஞ்சு நிமிசத்துல இருவது வண்டி வரிசைல நிக்குதுங்க. அது அழிஞ்சா மொத லோடு யாருக்குன்னு நீங்கதான் பஞ்சாயத்துப் பேசோணும்," என்றாள் யுவஸ்ரீ.

கதிர்வேல் வெளியே போய் யார்டில் நின்ற லாரிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, "உன் இஷ்டப்படி போடு," என்றார்.

மூன்று மாதம் கழித்து இடி விழுந்து சங்ககிரி ஸ்டோரேஜ் கருகியது. நகலுக்கு மாறினோம். இடி விழுவதற்குச் சற்று முன் டோக்கன் வாங்கிய டிரைவரின் பெயர்கூட வரிசையில் இருந்தது. யார்டில் ஒரு சண்டையும் இல்லை. என் பேச்சு எடுபடாமல் போனதற்காக நான் பெருமைப்பட்ட ஒரே நாள் அது.

யுவஸ்ரீ இப்போது எங்கள் கணினிப் பிரிவின் தலைவர். நான் அவளிடம்தான் வேலை செய்கிறேன். கதிர்வேல் ஓய்வு பெற்று கெங்கவல்லியில் மகளோடு இருக்கிறார்.