இருபத்திரண்டாம் இலை

கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஹஸ்னா வேலை பார்த்தாள். 2008இல் அவளுடைய குழுத் தலைவர் துளசிராமன் வேலை மாறி ஹைதராபாத் போனார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போனார்கள். செடி அறையில் அவள் மட்டும் மிஞ்சினாள்.

கடுகு இனத்துச் சின்னச் செடி அது. இளம் பருவத்தில் இலையின் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். முதிர்பருவத்துக்கு மாறியதும் அங்கே மெல்லிய முடி அரும்பும். சாதாரணச் செடிக்கு ஆறாவது இலையிலேயே வந்துவிடும். இளம் பருவத்தை நீட்டிக்கும் ஒரு மரபணுவை ஹஸ்னா கூடுதலாகச் சேர்த்திருந்தாள். பதினைந்து இலை விட்டும் முடி இல்லை. மூன்று முறை எண்ணினாள்.

துளசிராமனுக்கு ஃபோன் போட்டாள்.

“மீட்டிங்ல இருக்கேன் ஹஸ்னா. மெயில் போடுங்க.”

பழவேற்காட்டில் இருந்த உம்மாவை அழைத்துச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மா, “சாப்டியாம்மா?” என்றாள்.

தொட்டி கழுவும் முத்தம்மாள் உள்ளே வந்தபோது, ஹஸ்னா யோசிக்காமல் லென்ஸை அவளிடம் நீட்டினாள். முத்தம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமாம்மா, மொழுமொழுன்னு கீது. இது எப்பத்தான் பெர்சாவும்?”

“எந்த எலையிலன்னு தெரியலக்கா. பாத்துக்கினேதான் இருக்கணும்.”

“ஒண்டியாவா? முடி வந்தா எனக்கும் காட்டு, இன்னா?”

அதன்பின் தினமும் காலையில் அவள் எட்டிப் பார்த்து, “வந்துச்சா?” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத கட்டடத்தில், இருபத்திரண்டாம் இலையின் அடியில் ஹஸ்னா முதல் முடியைப் பார்த்தாள். மறுநாள் வேறொரு பெண் தொட்டி கழுவ வந்தாள்.

“முத்தம்மாளா? தீப்பெட்டி மாதிரி கட்டடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி கீதே, அங்க அனுப்சிட்டேன்,” என்றார் கூலி வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் கோபால்.

மரபணு மாற்றிய செடியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எடுத்துப்போகக் கூடாது. மாலை ஐந்தரைக்கு ஹஸ்னா வெறுங்கையோடு அந்தக் கம்பெனி கேட்டில் நின்றாள். பெண்கள் கும்பலாக வெளியே வந்து வேனில் ஏறினார்கள். கடைசி ஜன்னலில் முத்தம்மாள் இருந்தாள்.

“அக்கா! வந்துச்சு!”

“இன்னாம்மா?”

“முடி! இருபத்திரெண்டுல!”

முத்தம்மாள் சிரித்து என்னவோ சொன்னாள். வேன் கிளம்பிவிட்டது. பின்னால் வந்த லாரிகளின் இரைச்சலில் ஹஸ்னாவுக்கு எதுவும் கேட்கவில்லை. புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு, ஷேர் ஆட்டோவுக்காக எதிர்ப்பக்கம் போனாள்.