மௌன நிலை எய்திய கால்

மெத்தை விற்கிறவர் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் விதி. சுற்றிலும் பார்த்தால் படுக்கத்தான் தோன்றும். பஞ்சு மெத்தை, ரப்பர் மெத்தை, ஸ்பிரிங் மெத்தை, முதுகுவலிக்காரருக்கென்று ஒன்று, தூக்கம் பிடிக்காதவருக்கென்று ஒன்று. வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்ப்பார். சிலர் அசந்துபோய்க் குறட்டையே விடுவார்கள். மெத்தைக்காரர் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் விழிக்கும்வரை நிற்பார். பாதி ஆயுளை இப்படி நின்றே கழித்ததில் அவருக்கு மிஞ்சியது புடைத்த நரம்புகளும், "அந்த ஓரமா நிப்பாரே, அவர்" என்ற அடையாளமும்தான்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம், கொஞ்ச காலமாக அவருக்குப் பாதங்கள் இல்லை என்பது. பார்த்தால் இருந்தன, செருப்பும் போட்டுக்கொண்டன. ஆனால் தரையிலிருந்து எந்தச் சேதியும் மேலே வந்து சேர்வதில்லை. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு கடைக்குள் நுழைந்து, பாதி மெத்தைகளைத் தூசி தட்டி முடித்த பிறகு, கல்லாவில் இருந்த பெண் சொல்லித்தான் மற்றது பஸ்ஸில் கழன்று போனது அவருக்கே தெரிந்தது.

சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நைலான் இழையை வைத்துக்கொண்டு அங்கங்கே தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, படும்போது மட்டும் சொல்லச் சொன்னார். மெத்தைக்காரர் கண்ணை முக்கால்வாசி மூடினார். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் டாக்டரின் முழங்கை தெரிந்தது. முழங்கை முன்னே போகும்போதெல்லாம் "ம்" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் இவ்வளவு நேர்த்தியாகக் காப்பியடித்தவரில்லை. தோற்றிருந்தால் விஷயம் கடைக்குப் போகும். கால் சரியில்லாதவரை முதலாளி உட்கார வைத்துவிடுவார், கடையில் அல்ல, வீட்டில். முழு மதிப்பெண்ணோடு எழுந்தவரிடம் டாக்டர், எதற்கும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், தினமும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மெத்தைக்காரர் வெளியே வந்து, கால் பிரமாதமாக இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னார்.

ஆனால் மனைவி, வெளியே காத்திருந்த நேரத்தில், சர்க்கரைக்காரர் காலை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். அன்று முதல் சாயங்காலமானால் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் தூக்கிப் போட்டு, போன் விளக்கை அடித்துப் பார்ப்பாள். விரலிடுக்கு, குதிகால், ஓரம் என்று எதையும் விடமாட்டாள். அவருக்கு மானம் போகும். தன் தொப்பையும் இடுப்பும் ஒத்துழைத்தால் தானே பார்த்துக்கொள்வேன் என்று முனகுவார்.

"உங்க முகத்தக்கூட இவ்ளோ நேரம் நான் பாத்ததில்லங்க," என்பாள் அவள். "பாத்திருந்தா கல்யாணமே நடந்திருக்காது. பேசாம காட்டுங்க."

இந்த நிலையில்தான் அவர், செருப்பில்லாமல் ஓடுகிறவர்களின் வெறுங்கால் வட்டத்தில் போய்ச் சேர்ந்தார்.

வட்டத்தின் தலைவர், இன்சூரன்ஸ் கம்பெனியில் ஊழியர்களுக்கு உற்சாகம் ஊட்டியே ஓய்வு பெற்றவர். ஊட்ட ஆளில்லாமல் வீட்டில் சிரமப்பட்டுக்கொண்டிருந்தபோது மூட்டு வலி வந்தது. அதற்காக எதையோ படிக்கப்போய், மனிதகுலத்தின் துயரம் முழுக்கச் செருப்பிலிருந்து தொடங்குகிறது என்று கண்டுபிடித்தார். விடிந்ததும் பூங்காவில் கூடுவார்கள். ஓட்டம் கால் மணி நேரம் என்றால் உரை அரை மணி நேரம். தலைவர் பெரும்பாலும் உரையில் ஓடுவார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் இதில் கொடுமை. எடுத்தவுடன் ஓடாதே, சில வாரம் புல்லில் நட. பிறகு வழவழப்பான தரை, கல் பாதை கடைசியில். அடி சின்னதாக இருக்கட்டும். குதிகாலை முதலில் ஊன்றாதே, முழங்கால் இளகியிருக்கட்டும். கெண்டைக்கால் கெஞ்சினால் இரண்டு நாள் விடு. வலி வந்தால் நில், அதை வென்றுவிட்டதாகப் பீற்றாதே. ஓடி முடித்ததும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவரின் உள்ளங்காலைத் தூக்கிப் பார். முள்ளோ கீறலோ கொப்புளமோ இருந்தால் அன்றே கவனி. இதற்கு உள்ளங்கால் சோதனை என்று பெயர் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: கால் பேசும், அதைக் கேள்.

மெத்தைக்காரரின் மச்சினன்தான் முதலில் சேர்ந்தவன். புல்லாவது நடையாவது என்று முதல் நாளே பூங்காவைச் சுற்றி ஓடிக் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டான். பல நாள் மாடிப்படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினான். தலைவர் பேச்சைக் கேட்டு ஓடவில்லை, அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் ஓடினேன் என்று விளக்கம் வேறு. மறுபடி போகத் துணைக்கு மாமாவைக் கூப்பிட்டான். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் அல்லவா என்று இவரும் போனார். வெறுங்கால் விஷயத்தை வீட்டில் இருவரும் சொல்லவில்லை.

சில வாரம் புல்லில் நடந்த பிறகு ஒருநாள் கல் பாதை. ஊரில் உள்ள பெரிய மனிதர்களெல்லாம் ஸ் என்றும் ஆ என்றும் கையை விரித்துக்கொண்டு, சூடான தோசைக்கல்லில் விட்டது போலத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்காரர் தன் கடை மெத்தைமேல் நடப்பதுபோல் நடந்து மறுமுனைக்குப் போய், இவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தார்.

தலைவர் அப்படியே நின்றுவிட்டார். கூட்டத்தைக் கையமர்த்தினார்.

"வலிக்கலயா உங்களுக்கு?"

"இல்லங்க."

"கால் என்ன சொல்லுது?"

"ஒன்னும் சொல்லலங்க," என்றார் மெத்தைக்காரர். தன் காலைப் பற்றி அவர் வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்ன உண்மை அது.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டீங்களா? நம்ம காலெல்லாம் இன்னும் புலம்பிட்டிருக்கு. இவரோடது மௌன நிலைக்குப் போயிடுச்சு."

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயையும் திறந்தார். அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

வாழ்நாளில் அவருக்காக யாரும் கை தட்டியதில்லை. பள்ளியில் பரிசு வாங்கியவர்களுக்குத் தட்டியே கை சிவந்தவர் அவர். அன்றிலிருந்து அவருக்கு மௌனி என்று பெயர் வந்தது. ஓட்டத்தில் முதல் ஆளாக நிறுத்தினார்கள். கடையில் இவர் தலைமாட்டில் நிற்க, மெத்தையில் குறட்டை விட்டுப்போன ஒரு காண்டிராக்டர், பூங்காவில் இவர் தோளில் கைபோட்டு, மௌன நிலைக்குப் போக என்ன சாப்பிட வேண்டும் என்று அந்தரங்கமாக விசாரித்தார். விஷயம் முதலாளி காதுக்கும் போய், அவர் முதல் தடவையாக இவரை "வாங்க" என்றார்.

பதவி உயர்வு அதோடு நிற்கவில்லை. ஒருநாள் பெஞ்சில் காண்டிராக்டர் வழக்கம்போல் இவர் காலைத் தூக்கப்போக, தலைவர் தடுத்தார். சோதனையெல்லாம் புலம்புகிற கால்களுக்குத்தான், மௌனியின் காலைச் சோதிக்க நமக்கென்ன தகுதி என்றார். காண்டிராக்டர் காலைப் பட்டென்று கீழே வைத்துக் கும்பிட்டார். அந்த வட்டத்தில் உருப்படியாக இருந்த ஒரே விதியிலிருந்து, அது யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு, மரியாதையாக விலக்கு அளிக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டபோது மெத்தைக்காரர் உட்காரவில்லை.

"இனிமே வேணாம். அங்க பெரிய பெரிய மனுஷங்களே என் காலப் பாக்கத் தகுதியில்லன்னுட்டாங்க."

"எங்க?"

சொல்ல வேண்டியதாயிற்று. அவள் தம்பியைக் கூப்பிட்டு வாங்குவாங்கென்று வாங்கினாள். பிறகு இவரிடம் வந்தாள்.

"அவங்களுக்குத் தகுதி வேணும். எனக்கு எதுக்குங்க? நான் பொண்டாட்டி. காட்டுங்க."

"டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லியாச்சு."

அவளிடமிருந்த ஒரே ஆயுதம் டாக்டர். அதை அவர் ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்தார். அன்று முதல் அவர் வீட்டிலும் காலுறை போட ஆரம்பித்தார். அவள் நாற்காலியை மட்டும் எடுத்துப் போடாமல் அதே இடத்தில் விட்டு வைத்தாள்.

வட்டத்துக்கு ஆண்டு விழா வந்தது. மண்டபச் சுவரில் மாட்டுவதற்கு மௌனியின் பாதச்சுவடு வேண்டும் என்றார் தலைவர். மேடையில் உட்கார வைத்து, வலது காலில் உருளையால் மை பூசி, தடித்த காகிதத்தில் அழுத்தினார்கள். காகிதத்தைத் தூக்கிக் காட்டியதும் சபை ஆகா என்றது. நல்ல கறுப்பில் ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன. பெருவிரலுக்குக் கீழே, சதை திரண்ட இடத்தில் மட்டும், மை பிடிக்காமல் மிளகளவு ஒரு வெள்ளை வட்டம்.

தலைவர் அதன்மேல் விரலை வைத்தார். "இது என்ன தெரியுமா? முற்றுப்புள்ளி. கால் தன் பேச்சை முடிச்சுக்கிட்ட இடம்."

மறுபடி கைதட்டல். எந்த மெத்தையில் எங்கே பொத்தல் என்று தடவிப் பார்த்தே சொல்லக்கூடியவர் மெத்தைக்காரர். காகிதத்தில் இருப்பது புள்ளியல்ல, பொத்தல் என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தொப்பை விடவில்லை, எதிரே இருந்த கூட்டமும் விடவில்லை. வீட்டுக்குப் போனதும் அவளிடம் காட்டிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டே போனார். வீட்டில் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அவளிடம் தோற்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று குளிக்கப் போனார். நாளைக்கு மறுபடி நாளைக்கு என்று ஆயிற்று. நடுவில் ஓட்டமும் நடந்தது.

பிறகு வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி எங்கோ செத்துக் கிடக்கிறது என்றாள் மனைவி. தம்பியை வரவழைத்துப் பீரோவை நகர்த்தினார்கள். மெத்தைக்காரரும் ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினார். எலி இல்லை. சமையலறை அலமாரியை நகர்த்தினார்கள். அங்கும் இல்லை. மச்சினன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறை அறையாகப் போய், கடைசியில் மாமா பக்கத்தில் வந்து நின்றான். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிறவன், அன்று மாமாவின் காலுறையைக் காட்டி அக்காவைப் பார்த்தான்.

காலுறை பாதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அவள் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழற்றினாள். அவருக்கு வலிக்கவில்லை. அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்துப் போட்ட ஆணி மிகச் சின்னது, பூப்போட்ட தலை வைத்தது. கட்டில் தலைப்பலகையில் துணியை இழுத்து அடிக்கிற ஆணி, அவருடைய கடையிலேயே டப்பா டப்பாவாக இருப்பது. கடையில் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்த ஏதோ ஒரு நாளில் ஏறியிருக்க வேண்டும். அதற்கு மேல் பூங்காவின் மண்ணும் கல்லும் சேர்ந்து, புண்ணை அழுகவைத்துக் கணுக்கால்வரை கொண்டுபோய்விட்டிருந்தன. முன்பு இழையால் சோதித்த டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"போன தடவ டெஸ்ட்ல எல்லா எடத்துலயும் கரெக்டா சொன்னீங்களே சார்?"

மெத்தைக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை.

"அலமாரிக் கண்ணாடியில உங்க முழங்கை தெரிஞ்சுதுங்க."

மனைவி கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

தலைவர் நாலைந்து பேரோடு பார்க்க வந்தார். எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரித் தரை சுத்தமில்லையாம். ஆணியைப் பற்றி விசாரித்துவிட்டு, நம் பூங்கா ஆணி இல்லையே என்று பெருமூச்சு விட்டார். பிறகு, என்னதான் இருந்தாலும் காலைக் கேட்டிருக்க வேண்டும், நான் முதல் நாளே சொன்னேன் என்று வருத்தத்தோடு ஆரம்பித்து, பார்வையாளர் நேரம் முடிந்ததாக நர்ஸ் வந்து சொல்லும்வரை பேசினார். புறப்படும்போது காண்டிராக்டர் ஒரு பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்தார். சட்டம் போட்ட பாதச்சுவடு. இனி மண்டபத்தில் இருந்தால் புதிதாகச் சேருகிறவர்கள் ஏதாவது கேட்பார்கள், உங்களிடமே இருக்கட்டும் என்றார் தலைவர். முதலாளியும் சொல்லி அனுப்பியிருந்தார்: அவசரமில்லை, நிற்க முடிந்ததும் வரலாம்.

அவர்கள் போன பிறகு மெத்தைக்காரர் முனகினார்.

"என்னங்க?"

"கால் வலிக்குது."

"எந்தக் கால்?"

அவர் கண்ணால் காட்டினார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் வலித்தது. இத்தனை காலமும் வாயே திறக்காமல் இருந்த பாதம், போன பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நர்ஸைக் கேட்டதற்கு, சிலருக்கு அப்படி இருக்கும், சீக்கிரம் போகாது என்றாள்.

மனைவி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேறு வழி தெரியாமல் பொட்டலத்தைப் பிரித்து, சட்டத்தை மடியில் வைத்து, போன் விளக்கை அடித்தாள். விரலிடுக்கு, குதிகால், ஓரம் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்க வலிக்குது? இங்கயா?"

"இல்ல. இன்னும் மேல."

கண்ணாடிமேல் அவள் விரல் நகர்ந்தது.

"இங்கயா?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். விரல் அந்த வெள்ளை வட்டத்தின்மேல் இருந்தது.

"ஆமா," என்றார். "அங்கதான்."