சூடம் காட்டி நகர்த்திய குச்சி

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘சேவைச் செம்மல்’ என்று போட்டிருந்தார்கள். அடியில் ‘நிலத்தை அளந்த நெஞ்சம்’ என்று வேறு. நெஞ்சமாம்! முப்பத்தோரு வருடமாக நிலத்தை அளந்தது என் முழங்காலும் முதுகும்தான். நெஞ்சுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

நான் குமுதா. சிவில் இன்ஜினியரிங் படித்தேன், அப்புறம் நில அளவையாளர் லைசென்ஸ் எடுத்தேன். கெலுகோரில் சின்னதாக ஓர் ஆபீஸ். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை நிலங்களை அளந்து பிழைக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில், தமிழ்ப்பள்ளித் திடல், கல்லறைத் தோட்டம் என்று இலவசமாக அளந்து கொடுப்பேன். புண்ணியம் தேடி அல்ல. நம் ஆட்கள் கோயிலைக் கட்டி, கும்பாபிஷேகமும் நடத்திவிட்டு, அப்புறம்தான் நிலம் யாருடையது என்று விசாரிப்பார்கள். அந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் இதில் இறங்கினேன்.

எனக்கு விருது கொடுக்கப் போனது ஆயர் ஈத்தாமில் உள்ள ஒரு முனீஸ்வரர் கோயில். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுநாளே கமிட்டி கூடிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுக்கு எல்லை அளந்து கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை, மாலை, சாப்பாடு.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் ஆபீசுக்குள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் ஒரு கடிதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இது உங்க கையெழுத்துதானே மேடம்?”

என் வரைபடத்தின் நகல். என் கையெழுத்து, என் முத்திரை. மேலே கோயில் கமிட்டியின் கடிதம்: தங்கள் சமையலறை ஆலய நிலத்துக்குள் இரண்டடி நீண்டிருப்பதாக அளவையாளர் குமுதா உறுதி செய்துள்ளார், திங்கட்கிழமைக்குள் அகற்றாவிட்டால் நாங்களே அகற்றுவோம்.

“நான் தனலெட்சுமி. கோயிலுக்குப் பக்கத்து வீடு. அந்தக் குசினியிலதான் இடியாப்பம் அவிச்சு பசார் கடைங்களுக்குப் போடுறேன். அதை ஒடைச்சிட்டா நானும் என் மவளும் எதைத் திங்கறது? நீங்க படிச்சவங்க. ஒரு பொம்பள குடும்பத்துல மண்ணள்ளிப் போடுறதுக்குத்தான் படிச்சீங்களா?”

எனக்குச் சுரீரென்றது. வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் அவள் சமையலறை எல்லைக்கு ஓரடி உள்ளேதான், அவளுடைய நிலத்திலேயேதான் இருந்தது. நானே வரைந்தது. அதை அவளுக்குப் புரியவைத்தபோது அவள் நம்பவில்லை. “பேப்பர்ல அப்படி இருக்கும் மேடம். தரையில நீங்க அடிச்ச எல்லைக் குச்சி வேற எடத்துல நிக்குதே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் ஷாருலையும் அழைத்துக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வருடமாக என்னோடு கருவி தூக்குகிறவர், என்னை ‘புவான்’, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார். நான் மறந்ததைக்கூட அவர் மறக்கமாட்டார். அந்த எல்லைக்கு இரண்டு முனையிலும் அரசாங்கக் கல் உண்டு. ஒன்று ரோட்டோரக் கால்வாய் மூடிக்கு அடியில், இன்னொன்று பின்னால் ஓடைக்கரைப் புதரில். ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியாது என்பதால் நடுவில் சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு மரக்குச்சிகளை நான் அடித்துவிட்டு வந்திருந்தேன்.

கல் இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. குச்சிகளைப் பார்த்ததும் ஷாருல் மலாயில், “புவான், இது நாம அடிச்ச எடம் இல்ல” என்றார். அளந்தோம். இரண்டும் தனலெட்சுமி பக்கமாக மூன்றடி நகர்ந்திருந்தன. அதை ஒட்டித் தகர வேலியும் போட்டிருந்தார்கள், அவள் சமையலறைச் சுவரில் போய் இடிக்கிற வரைக்கும். ஒரு குச்சியின் தலையில் மஞ்சள் துணி, காய்ந்த எலுமிச்சம்பழம், குங்குமம்.

கமிட்டித் தலைவர் மோகனராஜ் பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

“அக்கா! நாளைக்குத்தானே விழா, இன்னைக்கே வந்துட்டீங்க!”

“குச்சிய யாரு நகத்துனது?”

“ஓ, அதுவா. போன வருஷம் ரதம் திரும்ப எடம் பத்தல அக்கா. கொஞ்சூண்டு தள்ளி வெச்சோம். சும்மா இல்ல, ஐயரைக் கூப்பிட்டு, தேங்கா ஒடைச்சு, சூடம் காட்டித்தான் நகத்துனோம்.”

சூடம் காட்டினார்களாம்! அடப்பாவிகளா, திருட்டுக்கும் முகூர்த்தம் பார்த்துச் செய்திருக்கிறீர்களே!

“ரதம் திரும்பிடுச்சில்ல? திருப்பி வெச்சிருக்கணும்ல?”

“அப்புறம் அன்னதான மண்டபம் கட்டலாம்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. மூணடிதானேக்கா. நாங்க கல்லைத் தொடல, குச்சியத்தான் தொட்டோம். சாமி காரியம் லா. நீங்க சும்மா இருந்தீங்கன்னா போதும்.”

“என் கையெழுத்தக் காட்டி அந்தம்மா குசினிய இடிக்கப் போறீங்க. நான் சும்மா இருக்கணுமா?”

“உங்க பேருக்கு ஒரு மரியாத இருக்குக்கா. அதனாலதான் போட்டோம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கருவியின் முக்காலியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். அதன் விலையை நினைத்துத்தான் விட்டேன். கடையில் ஒருவன் தராசைத் தொட்டால் ஊரே கூடிச் சட்டையைப் பிடிக்கும். என் குச்சியைத் தொட்டால் மட்டும் சாமி காரியமா? காசு கொடுத்து அளந்திருந்தால் பிடுங்கியிருப்பார்களா? இலவசம் என்றதும் என் குச்சி, பிடுங்கிப் பிடுங்கி நடுகிற பந்தல்கால் மாதிரி ஆகிவிட்டது.

என் மேலும் கோபம்தான். காசு வாங்கும் வேலையில் நடுவிலும் இரும்புக் குழாய் இறக்கி சிமெண்ட் போடுவேன். இங்கே குச்சி போதுமென்று விட்டுவிட்டுப் போனது யார்? இரண்டு வருடத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்தேனா? என் இலவச வேலையை அவர்களுக்கும் முன்பே மலிவாக நினைத்தவள் நான்தான்.

மறுநாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஷாருலையும் கூட்டிக்கொண்டு விழாவுக்குப் போனேன். முன்னூறு பேர் இருப்பார்கள். மேடையைத் தகர வேலியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வேலியோரமாகக் கடைசியில், பூவெல்லாம் சுற்றி, எனக்கென்று ஒரு நாற்காலி. தனலெட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகனராஜ் பத்து நிமிடம் என்னைப் புகழ்ந்தார். பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

“கொஞ்சம் இருங்க. ஷாருல், கயித்தப் போடுங்க.”

ஷாருல் ரோட்டோரக் கல்லில் சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு, ஓடைக்கரையை நோக்கி நேராக நடந்தார். பெண்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். கயிறு பந்தலுக்குள் வந்தது, மேடை ஏறியது, மைக்கையும் என் நாற்காலியையும் வேலிப் பக்கம் விட்டுவிட்டுப் போனது, தனலெட்சுமியின் சமையலறைச் சுவரைத் தொடாமல் ஓரடி விலகிப் பின்னால் போய் மறைந்தது. பின்னாலிருந்து, “கல்லுல கட்டியாச்சு புவான்!” என்று ஷாருலின் குரல் கேட்டது.

“இந்தக் கயிறுதான் எல்லை. என் வரைபடத்துல இருக்கறதும் இதுதான். கயித்துக்கும் வேலிக்கும் நடுவுல இருக்கற மூணடி தனலெட்சுமியோட நிலம். கமிட்டி என் குச்சிய நகத்திட்டு, என் கையெழுத்தக் காட்டி அவங்க குசினிய நாளைக்கு இடிக்கப் போறாங்க. எனக்குப் போட்டிருக்காங்களே இந்த நாற்காலி, இதுவும் அந்தம்மா நிலத்துலதான் கெடக்கு. அடுத்தவங்க நிலத்துல நின்னுக்கிட்டு என்னால பொன்னாடை வாங்க முடியாது.”

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, “மோகனு, இது நெசமா?” என்று கேட்டார். மோகனராஜ் பொன்னாடையை மடித்துக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள். வேலியைப் பிடுங்குவதாகவும், நாளைக்கே கயிறு போன கோட்டில் இரும்புக் குழாய் இறக்க ஆள் தருவதாகவும் சபைக்கு முன்னாலேயே அவரைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். தனலெட்சுமி கைகூப்புவாள் என்று உள்ளுக்குள் எனக்கொரு நினைப்பு. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

“இத ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஒழுங்கா செஞ்சிருந்தா நான் இத்தன நாளு அழுதிருக்க மாட்டேன்ல அக்கா” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு இரும்புக் குழாய்களை இறக்கினோம். மோகனராஜையே சிமெண்ட் குழைக்க வைத்தேன். ஆள் அனுப்புகிறேன் என்றார், விடவில்லை. வேலை முடிந்ததும் தனலெட்சுமி உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து குழாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ போய் வேலையப் பாரும்மா. காயறவரைக்கும் நாங்க பாத்துக்கறோம்” என்றார் மோகனராஜ்.

அவள் அவரைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.