புது ஆளுக்கு ஒரு மூக்குத்தி

தூக்கத்துக்கு மாத்திரை தருகிற டாக்டர் என்று சொல்லித்தான் மகன் சுரேஷ்குமார் கூட்டி வந்தான். அடையாறில் அந்த வீட்டு வாசல் பலகையில் 'மனநல மருத்துவர்' என்று படித்ததும் சண்முகவடிவு படியிலேயே நின்றுவிட்டாள். அடப்பாவி, பெற்றவளைப் பைத்தியம் என்று எழுதி வாங்கத்தானா இத்தனை கரிசனம்? கடை இருக்கிற தி. நகரில் இல்லாத டாக்டரா? கேட்டால், கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதாம்.

கணவர் போன பின் பதினாறு வருடம் நகைக்கடையைத் தனி ஆளாகக் கட்டி ஆண்டவள் அவள். இப்போது நாற்பது நாளாகத் தூக்கமில்லை. அது வீட்டுக்கே தெரியும். யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. கடையின் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் மூன்று தடவை போய் நின்றிருக்கிறாள். விழுந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த மாடிக் கதவுச் சாவி இப்போதும் அவள் இடுப்பில்தான் இருந்தது. வாயைத் திறந்து இதைச் சொன்னால் மறுநாளே கல்லாவில் மருமகள் தீபிகா உட்கார்ந்திருப்பாள்.

வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து விடாமல் படித்தாள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, என்னென்ன மாத்திரை. சொத்து என்ற பேச்சே இல்லை. அப்படியும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே ஊசியும் இல்லை, கரண்ட் வைக்கிற மிஷினும் இல்லை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஐம்பது வயது மதிக்கத்தக்க டாக்டர் லூயிசா. அவர் சொன்னதும் சுரேஷ் மறுபேச்சில்லாமல் எழுந்து வெளியே போனான். எல்லாம் பேசி வைத்ததுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க இங்க சொல்றது பையன்கிட்ட போகாது. உங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வீட்டுல பேசுவேன். அதுவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

"ஃபீஸ் குடுக்கது அவன். கதை மட்டும் அவனுக்கு வேண்டாமாக்கும்?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. படுத்ததும் தூக்கம் வரவில்லையா, நடுவில் விழிக்கிறதா, பசிக்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சண்முகவடிவு அளந்து அளந்து பதில் சொன்னாள்.

"வாழவே வேண்டாம்னு எப்பவாவது தோணுதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது.

கடையில் புது ஆள் சேர்ந்தால் அவளுக்கு ஒரு வழக்கம். சின்ன மூக்குத்தி ஒன்றைத் தவறி விழுந்தது போல் தரையில் போட்டுவிட்டு, அது கல்லாவுக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பாள். வந்தால் அன்றைக்கே அலமாரிச் சாவி அவன் கையில். இந்த டாக்டருக்கும் ஒன்றைப் போட்டுப் பார்த்தாலென்ன?

"வீட்டுக்குத் தெரியாம கே.கே. நகர்ல ஒருத்திட்ட ரெண்டு சோடி வளையல் குடுத்து வச்சிருக்கேன்," என்றாள் குரலைத் தாழ்த்தி. சுத்தப் பொய். சுரேஷ் காதில் விழுந்தால் வீடு இரண்டுபடும்.

டாக்டர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதி, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பரும் கொடுத்தார்.

நாலு நாள் மாத்திரையைத் தொடாமல் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் வேண்டுமென்றே, "கே.கே. நகர் வரை போவணும்," என்று தூண்டில் போட்டாள்.

"வண்டி அனுப்பவாம்மா?" என்றான். அவ்வளவுதான். அந்த முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை.

ஐந்தாம் நாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அடையாறு போய் இறங்கினாள்.

"வளையல் சங்கதி பொய், டாக்டரம்மா. நீங்க எப்படின்னு பாத்தேன்."

"பரவால்லம்மா. நிஜத்த இப்ப சொல்லுங்க."

மாடியைச் சொன்னாள். கைப்பிடிச் சுவரைச் சொன்னாள். புருஷன் செத்தபோதுகூடக் கடை ஆட்கள் முன் அழாதவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்ததும் இடுப்பிலிருந்து மாடிச் சாவியை அவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

"சுரேசக் கூப்பிட்டு இத நீங்களே குடுத்துருங்க. எல்லாத்தையும் சொல்லிருங்க. எனக்கு வாய் வரல," என்றாள். "அவன் வாரவரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."