பாதியில் நின்ற படம்

பச்சைச் சேலை கட்டிய பெண் அழுத அழுகை செல்வமேரிக்குச் சந்தேகமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிமேல் தலையைச் சாய்த்து, "ஐயோ, இப்படிச் சொல்லாமப் போயிட்டீங்களே" என்று நீட்டி முழக்கினாள் அவள். செல்வமேரி முக்காட்டை விலக்கி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மகள் டெல்பினின் கையைச் சுரண்டினாள்.

"யாருடி இது?"

"லால்குடி மாமாவோட மருமக, அம்மா. தெரியலையா? அவங்க எந்தச் சாவுக்குப் போனாலும் இப்படித்தான்."

செல்வமேரி முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள். புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது எந்தப் பெண்டாட்டியும் செய்கிற வேலையில்லை இது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் காலையிலிருந்து பாலக்கரை வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பெண்ணையும் அவள் எடைபோட்டுக்கொண்டிருந்தாள். அதிகம் அழுதவள்மேல் சந்தேகம். அழாமல் நின்றவள்மேல் அதைவிடச் சந்தேகம். செபமாலை சொல்ல வந்த ரோசரி, பாவம், சளிப் பிடித்த மூக்கைத் துடைத்ததற்குக்கூட ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை.

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராய்ப் போனபிறகு புருஷன் ஜேக்கப்புக்கும் அவளுக்கும் வீட்டில் இருந்த ஒரே விளையாட்டு அதுதான். ஒரு துப்பறியும் படத்தைப் பாதி வரை பார்ப்பார்கள். அப்புறம் நிறுத்திவிட்டு, மீதி எப்படிப் போகும் என்று சாப்பிட்டுக்கொண்டே வாதாடுவார்கள். மறுநாள் மீதியைப் பார்ப்பார்கள். தோற்றவர் காபி போடவேண்டும். பேங்க் கவுண்டரில் கள்ள நோட்டைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்த மனுஷனுக்கு, படத்தில் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ரிட்டயர் ஆனதிலிருந்து பெரும்பாலும் அவர்தான் காபி போட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் பார்த்த படத்தில் ஒரு டாக்டர். நல்ல பெண்டாட்டி, நல்ல வீடு. மாடியில் குடிவந்த பெண்ணோடு பழக்கம். ஒருநாள் காலையில் அந்தப் பெண் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் செத்துக் கிடக்கிறாள். அந்த இடத்தில்தான் நிறுத்தினார்கள்.

"டாக்டர்தான் கொன்னுருப்பான்" என்றார் ஜேக்கப், தோசையைப் பிய்த்துக்கொண்டே. "விஷயம் வீட்டுக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயம்."

"உங்க மூஞ்சி. வீட்டுக்கு முதல்லேர்ந்தே தெரியுங்க. பொண்டாட்டி தெரியாத மாதிரி இருக்கா."

"எத வெச்சுச் சொல்ற?"

"கூட இருக்கற ஆம்பள மனசு வெளிய இருந்தா பொம்பளைக்குத் தெரியாமப் போகுமா? அவனா வந்து சொல்லட்டும்னு காத்திருக்கா."

அவர் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "சொல்லியிருந்தா விட்டிருப்பாளா?" என்று கேட்டார்.

செல்வமேரிக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். படத்தில் வரும் போலீஸ்காரர் மாதிரி விரலை நீட்டி, "சொல்லியிருந்தா விட்டிருப்பா. சொல்லாததுக்குத்தான் கொல்லுவா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. பால் வாங்கிவருகிறேன் என்று எழுந்து போனார். வெகுநேரம் கழித்துப் பால் இல்லாமல் வந்தார். நெஞ்சு கரிக்கிறது என்று ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தார். விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அதிலிருந்து செல்வமேரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சத்தியமாக அவள் படத்தைப் பற்றித்தான் சொன்னாள். அவர் எதைப் பற்றிக் கேட்டார்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்து நின்றே போகுமா? அப்படி ஒருத்தி இருந்தால், அவரைக் கொன்றது தன் வாய்தானே. இல்லையென்றால், தங்கமான மனுஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இப்படி நினைக்கிற தான் என்ன ஜென்மம்? சரியாக அழக்கூட முடியவில்லை. எந்தப் புருஷனுக்காக அழுவது என்று தெரிந்தால்தானே அழுவதற்கு.

பங்குச் சாமியார் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு பெண் வந்தாள். நெற்றியில் மெல்லிய சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு, வெளுத்த நீலப் பருத்திச் சேலை, தோளில் பை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தாள். மாலை கொண்டுவரவில்லை. பெட்டியின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வமேரியின் மகன் பிரவீன்ராஜ் குனிந்து சொன்னான்: "அம்மா, இவங்க சுபஸ்ரீ மேடம். ஸ்ரீரங்கம் பிராஞ்ச்ல அப்பாகூட வேல பாத்தவங்க. அப்பா போன்ல கடைசியாப் பேசின நம்பர் இவங்களோடது. அதான் முதல்ல இவங்களுக்குச் சொன்னேன்."

செல்வமேரி நிமிர்ந்தாள். "இப்படி வந்து உக்காருங்க" என்றாள்.

சுபஸ்ரீ பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டெல்பின் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். பங்குக் கோயில் பெண்கள் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

"முந்தாநாள் உங்களுக்குப் போன் பண்ணாங்களா?"

"பண்ணினார். ராத்திரி, பால் வாங்க வந்தேன்னார்."

"என்ன விஷயமா?"

சுபஸ்ரீ பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ஒரு படம் பார்த்திண்டிருக்கோம், நீ பார்த்துட்டியான்னு கேட்டார். நான் முன்னாடியே பார்த்துட்டேன். அந்தப் பொண்டாட்டிக்கு ஆரம்பத்திலேயே தெரியுமான்னார். தெரியும்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணும் பேசலை. லைன் கட் ஆயிடுத்தோன்னு நினைச்சேன். அப்புறம், சரி வெச்சுடறேன்னு சொன்னார்."

செல்வமேரி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். நரை ஓடிய, களைத்த, சாதாரண முகம். தோற்றால் காபி போடவேண்டும் என்று முன்கூட்டியே முடிவைத் தெரிந்துகொண்டு ஏமாற்றப் பார்த்தாரா மனுஷன்? செய்யக்கூடிய ஆள்தான். இல்லை, படத்தை வைத்து இவளிடம் வேறு எதையாவது கேட்டாரா? இவளும் வேறு எதற்காவது பதில் சொன்னாளா? நீ என்று கூப்பிட்டிருக்கிறார். ஆபீசில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாரோ என்னவோ, அதுகூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வாசலில் சாமியாரின் பைக் சத்தம் கேட்டது. பாயில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கேட்க நினைத்ததைக் கேட்காமலே செல்வமேரியும் எழுந்தாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துப் பெட்டியை மந்திரித்து, கோயிலில் பூசை முடிந்து, கல்லறைக்குப் போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வண்டிக்குப் பின்னால் நடந்த கூட்டத்தில் நீலச் சேலையும் வந்ததைச் செல்வமேரி பார்த்தாள். மாலை, ஊதுபத்தி, சாமியாரின் செபம் எல்லாம் முறைப்படி நடந்தன. பெட்டி குழிக்குள் இறங்கியபோது டெல்பின் கதறினாள். பிரவீன்ராஜ் அவளைத் தாங்கிக்கொண்டான். ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார்கள். செல்வமேரியும் போட்டாள். மண் பெட்டிமேல் விழுகிற சத்தம் அவள் நினைத்ததைவிடப் பலமாகக் கேட்டது.

சுபஸ்ரீ தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். செல்வமேரி அவளிடம் போனாள்.

"நீங்க போடலையா?"

"எங்காத்துல பொம்மனாட்டிகள் மயானத்துக்கே வர வழக்கம் இல்லை. எப்படிப் போடணும்னு தெரியலை."

"வந்துட்டீங்கல்ல. ஒரு பிடி எடுத்து உள்ள போடணும், அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. இதுவும் சோதனைதான், படத்தில் போலீஸ்காரர்கள் செய்கிற மாதிரியான சோதனை. சுபஸ்ரீ வரிசையில் போய் நின்றாள். குனிந்தாள், அள்ளினாள், குழிக்கு மேலே கையை நீட்டினாள். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்து வந்தாள்.

மண் போட்டவர்கள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். டெல்பின் யாரிடமோ வாங்கிய தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் கொடுத்தாள். செல்வமேரி தன் கையைக் கழுவிவிட்டு, "கையக் காட்டுங்க, ஊத்தறேன்" என்று சுபஸ்ரீயைக் கூப்பிட்டாள்.

நீட்டிய கை மூடியிருந்தது. தண்ணீர் விரல் முட்டிகளில் பட்டு வழிந்தது. கை திறக்கவில்லை.

"விரிங்க."

சுபஸ்ரீ விரித்தாள். அள்ளிய மண் அப்படியே இருந்தது, விரல்கள் அழுந்திய தடத்தோடு.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்வமேரி பாட்டிலை மூடி டெல்பினிடம் கொடுத்தாள்.

"குழிய இன்னும் மூடல. போய்ப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

அந்தப் பெண் நகரவில்லை. செல்வமேரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குழியோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் வேலையைத் தொடங்கப் போனார்கள்.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றாள் செல்வமேரி. மணிக்கட்டை விடாமல், அந்தக் கை தானாகக் கவிழட்டும் என்று நின்றாள்.